உயிரோடிருப்போருக்கு ஓர் இரங்கற்பா



மெக்சிக்கோ என்றதும் அகன்ற தொப்பியும் கிற்றாரும் நினைவுக்கு வருகின்றன. அது சினிமா நமக்குத் தந்த மெக்சிக்கோ. அந்நாட்டுப் பண்பாட்டினுள் நுழைவதற்கு நான் வேறொரு வாசலைத் தெரிவு செய்துள்ளேன். நவம்பர் 1ஆம், 2ஆம் திகதிகளில் வரும் இறந்தோர் தினமே அது.

முதல்நாள் இறந்துபோன பிள்ளைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. வீடுகளில் மேசை போட்டுப் படையல் வைப்பர். இறந்தவரின் படம், மெழுகுதிரி, ஒரு குவளை தண்ணீர், அந்நாளுக்கென்றே சுடும் இனிப்புப் பாண், சீனியாற் செய்த மண்டையோடு, கொப்பல் என்னும் பிசினின் நறும்புகை ஆகியன அதில் இருக்கும். அவர் விரும்பி உண்டதும் இருக்கும்; புகைப்பவராயிருந்தால் சிகரெட்டும் உண்டு. வருகின்றவருக்கு வழி தெரியவேண்டுமென்று வாசலிலிருந்து மஞ்சட் செவ்வந்தி இதழ்களைத் தூவிவிடுவர். நம் மாலைகளில் தொடுக்கப்படும் துலுக்கச் செவ்வந்திதான் அது. அதன் தாயகம் மெக்சிக்கோ என்பது பலருக்குத் தெரியாது.

1521இல் அஸ்ரெக் தலைநகரை வீழ்த்திய ஸ்பானியரோடு வந்த கத்தோலிக்கத் திருநாளும், பூர்வகுடிகளின் வழக்கங்களும் இதிலே பின்னிக் கிடக்கின்றன. எது எவ்வளவு என்ற வாதத்தை ஆய்வாளரிடமே விட்டுவிடலாம்.

நமக்கு உரியது இலக்கியம். அந்நாட்களில் அங்குள்ள பத்திரிகைகளில் ‘கலவேரா’ என்னும் கேலிப்பாட்டுக்கள் வெளியாகும். மண்டையோடு என்பதே அச்சொல்லின் பொருள். உயிரோடிருக்கும் அமைச்சரையோ நடிகரையோ, ஏன், கூட வேலைசெய்யும் நண்பரையோ, சாவு வந்து அழைத்துப் போய்விட்டதாகப் பாடுவார்கள். நம்மூரில் யாரேனும் ஒரு தலைவரைப் பற்றி இப்படி எழுதிப் பார்க்கட்டும்!

இப்பாட்டுக்கள் அச்சான மலிவுத் தாள்களுக்குப் படம் செதுக்கியவர் ஹொசே குவாதலூப்பே பொசாடா (1852–1913). பூவும் இறகும் செருகிய பெரிய தொப்பி அணிந்த பெண் எலும்புக்கூடு அவர் படைத்ததே. தம் பூர்வீகத்தை மறைத்து ஐரோப்பிய மோஸ்தரில் திரிந்தவர்களைக் குத்திய படம் அது. 1947இல் ஓவியர் தியேகோ ரிவேரா தமது சுவரோவியமொன்றில் அவளுக்கு நீண்ட ஆடை அணிவித்து, பொசாடாவின் கையைக் கோக்க வைத்தார். அவளது மறுகையைப் பிடித்து நிற்கும் சிறுவன் ரிவேராவே. பொசாடா என்னவோ வறுமையிலேதான் இறந்தார்.

‘மெக்சிக்கர் சாவைக் கண்டு சிரிப்பவர்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒக்ராவியோ பாஸ் 1950இல் வெளியான கட்டுரை நூலில், சாவின் மீதான அந்த அலட்சியம் வாழ்வின் மீதான அலட்சியத்தின் மறுபக்கமே என்று கண்டார். எனக்கு அதுவும் முழு உண்மையாகப் படவில்லை. பார்த்துப் பார்த்து உணவு படைப்பவர்களை அலட்சியக்காரர் என்பது எப்படி?

இன்னொன்றும் உண்டு. அந்நாட்டு அரச பதிவேட்டிலுள்ள காணாமற்போனோர் தொகை 2022இல் ஓர் இலட்சத்தைத் தாண்டிற்று. இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, அதன் நுனியை முகர்ந்து பார்த்துப் புதைகுழி தேடுகின்ற தாய்மார் அங்கு இருக்கின்றனர். அவர்களின் வேதனையை நம் நாட்டுத் தாய்மாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நவம்பர் பிறக்கையில் அவர்களுக்கு ஒரு சங்கடம். மகனின் படத்தைப் படையலில் வைத்தால் அவன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகும். வைக்காது விட்டு, ஒருவேளை அவன் இறந்திருந்தால், வீடு தேடி வருபவனுக்கு ஒரு குவளை தண்ணீரும் இராது. பலர் வைப்பதில்லை.