ஒரு டாலர் பெறாத ஸ்விட்ச்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசமும் சங்கீதமும் நடக்கும். காரின் உதிரி பாகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இன்று நம் குடும்பங்களில் கார் இல்லாத வீடு அபூர்வம். பிள்ளை அமெரிக்காவில் ஒன்று வைத்திருக்கிறான், பெண் பெங்களூரில் ஒன்று வைத்திருக்கிறாள். ஆகவே இது நம் எல்லோருக்கும் உரிய விஷயம்தான்.

"இத்தனை ஆயிரம் கார்கள் பழுது பார்க்கத் திரும்ப அழைக்கப்படுகின்றன" என்று பேப்பரில் அடிக்கடி செய்தி வருகிறது. ஆங்கிலத்தில் ரீகால் என்கிறார்கள். படித்தவுடன் "மட்டமான கம்பெனி போலிருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். கூப்பிட்டுச் சொல்லும் கம்பெனியைவிட, தெரிந்தும் சொல்லாமல் இருக்கும் கம்பெனியிடம்தான் நாம் பயப்பட வேண்டும். அதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை.

காரின் சாவியைத் திருப்பினால் அது ஓரிடத்தில் 'டக்'கென்று போய் உட்காருகிறது அல்லவா? உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு பிளஞ்சரும், அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும்தான் அதற்குக் காரணம். சாவியை அந்த இடத்திலிருந்து நகர்த்தக் குறைந்தது 15 நியூட்டன்-சென்டிமீட்டர் திருப்புவிசை வேண்டும் என்பது கம்பெனி வகுத்த அளவு. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஒன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஆனால் சப்ளையர் செய்து கொடுத்த ஸ்விட்ச் இந்த அளவை எட்டவில்லை. தெரிந்தே 2002-ல் அதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

சாட்டர்ன் அயான், செவர்லே கோபால்ட் முதலிய கார்களில் அந்த ஸ்விட்ச் ஏறியது. விளைவு? கனமான சாவிக் கொத்தோடு கார் ஒரு பள்ளத்தில் குதித்தால் போதும், ஓட்டுகிறவரின் முழங்கால் இடித்தால் போதும், சாவி தானே பின்னுக்கு நகர்ந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும். ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் பவர் உதவி போய்விடும். எல்லாவற்றையும்விட மோசம், ஏர்பேக்குக்கு மின்சாரம் போவதும் நின்றுவிடும். கார் மோதும்போது ஏர்பேக் விரியாது.

2005-ல் இதைச் சரிசெய்ய ஒரு யோசனை வந்தது. ஒரு காருக்கு 90 சென்ட் கூடுதல் செலவு. அச்சுகளை மாற்ற 4 லட்சம் டாலர். வாரண்டியில் மிச்சமாவதோ காருக்கு 10, 15 சென்ட்தான். கணக்குக் கட்டுப்படியாகவில்லை என்று யோசனையைக் கைவிட்டார்கள். இன்ஜின் திடீரென்று நிற்பதை அவர்கள் 'வாடிக்கையாளர் வசதி' என்ற தலைப்பில் சேர்த்திருந்தார்கள். 'பாதுகாப்பு' என்ற தலைப்பில் சேர்க்கவில்லை. கோப்பில் தலைப்பைத் தவறாகப் போட்டுவிட்டால் அது போக வேண்டிய மேஜைக்குப் போகாது என்பது அரசு அலுவலகத்தில் இருந்த நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து நடந்ததுதான் மிகவும் விபரீதம். 2006-ல் அந்த ஸ்விட்சின் பிளஞ்சரையும் ஸ்பிரிங்கையும் சத்தமில்லாமல் மாற்றி பலப்படுத்தினார்கள். ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழைய ஸ்விட்சுக்கும் புதிய ஸ்விட்சுக்கும் ஒரே எண். ஒரு ஆவணத்தைத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்பது கடைநிலை குமாஸ்தாவுக்கும் தெரிந்த விதி. அது மீறப்பட்டதால், பிறகு விசாரித்த கம்பெனியின் சொந்த இன்ஜினீயர்களே குழம்பிப் போனார்கள். முந்தைய கார்களில் ஏர்பேக் விரியவில்லை, பிந்தைய கார்களில் விரிகிறது. ஸ்விட்சோ ஒன்றேதான் என்று காகிதம் சொல்கிறது. எங்கே தேடுவது?

விடை கோப்பிலேயே இருந்தது என்பதுதான் வேதனை. 2006 அக்டோபரில் விஸ்கான்ஸின் மாநிலத்தில் நடந்த விபத்தில் இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். அதை ஆராய்ந்த ஒரு போலீஸ்காரர், சாவி நகர்ந்ததற்கும் ஏர்பேக் விரியாததற்கும் தொடர்பு இருக்கிறது என்று 2007-லேயே எழுதி வைத்தார். அந்த அறிக்கை கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்மேல் நடவடிக்கை எடுக்க ஆள் இல்லை. கடைசியில் 2013-ல், ஜார்ஜியா மாநிலத்தில் மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் தொடுத்த வழக்கில்தான் உண்மை வெளியே வந்தது. அவர்கள் தரப்பு இன்ஜினீயர் பழைய ஸ்விட்சையும் கடையில் வாங்கிய புதிய ஸ்விட்சையும் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். எண் ஒன்று, உள்ளே இருப்பது வேறு!

2014 பிப்ரவரியில்தான் ரீகால் தொடங்கியது. சில வாரங்களில் 26 லட்சம் கார்களைத் தொட்டது. இழப்பீட்டுக் குழு ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அந்தக் குழு மூலம் கொடுத்த தொகை சுமார் 59 கோடி டாலர். 2015-ல் அரசுக்குக் கட்டிய அபராதம் 90 கோடி டாலர். சபையில் கணக்கர்கள் பலர் இருக்கிறீர்கள், போட்டுப் பாருங்கள். 26 லட்சம் காருக்கு 90 சென்ட் வீதம், அச்சு மாற்றும் செலவையும் சேர்த்தால் 28 லட்சம் டாலர்கூட ஆகாது. மிச்சம் பிடிக்க நினைத்ததைப்போல 500 மடங்குக்கு மேல் கொடுத்தார்கள். அந்த 124 உயிர்களுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

கம்பெனியே நியமித்த வழக்கறிஞரின் அறிக்கையில் ஒரு சுவையான செய்தி உண்டு. கூட்டத்தில் எல்லோரும் திட்டத்துக்குத் தலையாட்டுவார்களாம். வெளியே போனதும் ஒருவரும் அதைச் செய்யமாட்டார்களாம். இதற்கு 'ஜி.எம். தலையாட்டல்' என்றே அங்கே பெயர். அமெரிக்காவிலும் இப்படித்தானா என்று நமக்குச் சிறிது ஆறுதல்கூட ஏற்படலாம்!

அடுத்து டகாட்டா ஏர்பேக். இந்த ஜப்பானிய கம்பெனி, பையை ஊதுவதற்கு விலை மலிவான அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஈரத்தை உறிஞ்சுவது அந்த உப்பின் குணம். உஷ்ணமும் ஈரக்காற்றும் மாறி மாறிப் பட்டால், வருஷங்கள் கழித்து அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். உலோகக் கூடு சிதறி, ஓட்டுகிறவர் மீதே பாயும். உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்ட ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. டகாட்டா 2017-ல் திவாலாயிற்று. அமெரிக்காவில் மட்டும் 25-க்கு மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள்.

இது நம் வீட்டு வாசலுக்கு வருவது எப்படி? மேற்படிப்புக்கு அங்கே போகும் நம் பிள்ளைகள் முதலில் வாங்குவது மலிவான பழைய கார். 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா கார்களில் இந்த ஏர்பேக் விரியும்போது வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்று அந்த நாட்டு அரசே 2016-ல் எச்சரித்தது. அடுத்த முறை போனில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்ட கையோடு, "காரின் எண்ணை என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்தில் போட்டுப் பார்த்தாயா?" என்றும் கேளுங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2012 முதல் கம்பெனிகள் தாமாக முன்வந்து ரீகால் செய்யும் முறை இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி அரசே உத்தரவிடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் விசாரணை நடக்கும். ஆகவே, "நாம் ஒருவர் எழுதி என்ன ஆகப் போகிறது" என்று இருந்துவிடக் கூடாது. 2023 ஜூலையில் மாருதி கம்பெனி, ஸ்டியரிங் டை ராடில் குறை இருக்கலாம் என்று 87,599 கார்களைத் திரும்ப அழைத்தது. இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கக் கூடாது. அப்படித்தான் செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்ப்பது, அல்லது சர்வீஸ் சென்டரில் கேட்பது. ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. இரண்டாவது, வீடு மாறினாலும், செகண்ட் ஹாண்டில் கார் வாங்கினாலும் கம்பெனியிடம் விலாசத்தைப் பதிவு செய்வது. இல்லாவிட்டால் கடிதம் பழைய சொந்தக்காரருக்குத்தான் போகும். மூன்றாவது, பில் இல்லாத டூப்ளிகேட் பிரேக் பேடை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாமல் இருப்பது. எண்ணும் பில்லும் இல்லாத பாகத்தில் குறை இருந்தால், அதை யாரால் திரும்ப அழைக்க முடியும்?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். மலிவான அச்சாணியைக்கூடச் சமாளித்துவிடலாம். மாற்றியதை மறைத்த அச்சாணிதான் ஆளைக் கொல்லும்.