கடவுச்சொல்லைக் காத்தலே பெயரைக் காத்தல்



கடவு என்றால் வழி. நாடு விட்டு நாடு கடக்க உதவும் தாள் கடவுச்சீட்டு. வாயிலைக் கடக்க உதவும் சொல் கடவுச்சொல். இருளில் வருவோனை நிறுத்திக் குறிச்சொல் கேட்கும் காவலன் முகத்தைப் பார்ப்பதில்லை, சொல்லைத்தான் பார்க்கிறான். சொல் பொருந்தினால் பகைவனும் உள்ளே போவான். பொருந்தாவிடில் வீட்டுக்குரியவனும் வெளியே நிற்பான். கணினியும் அத்தகைய காவலனே. அதற்கு ஆளைத் தெரியாது, சொல்லைத்தான் தெரியும்.

மின்னஞ்சற் பெட்டி வெறும் மடற்பெட்டி அன்று. வங்கிக் கணக்கு, தொடர்வண்டிப் பதிவு, ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் ஆகியவற்றின் கடவுச்சொல்லை மறந்தவர்க்குப் புதுச்சொல் அமைக்கும் வழி பெரும்பாலும் எங்கே வந்து சேர்கிறது? மின்னஞ்சலுக்கே அன்றோ! ஆதலின் அது வீட்டின் ஓர் அறை அன்று. எல்லா அறைச் சாவிகளையும் கோத்து வைத்த கொத்து. அக்கொத்தைக் கவர்ந்தவன் பொருளை மட்டுமா கவர்கிறான்? உரியவர் பெயரிலேயே நண்பர்க்கும் உறவினர்க்கும் மடல் விடுக்கிறான். “மருத்துவமனையில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்புக” என்று எழுதுகிறான். ஐம்பது ஆண்டு வாழ்ந்து ஈட்டிய நம்பிக்கையை அரை நாளில் விற்றுத் தீர்க்கிறான். பறிபோவது பெட்டி மட்டுமன்று, பெயர்.

இக்களவுக்குப் பெருந்திறமை வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றே சான்று. 2008-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கிய நேரம். அலாசுக்கா மாநில ஆளுநராக இருந்த சாரா பேலின், குடியரசுக் கட்சியின் சார்பில் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். அவருடைய யாகூ மின்னஞ்சற் கணக்குக்குள் 20 அகவைக் கல்லூரி மாணவன் ஒருவன் புகுந்தான். பூட்டை அவன் உடைக்கவில்லை; கடவுச்சொல்லையும் கண்டுபிடிக்கவில்லை. “கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்” என்று மட்டுமே சொன்னான்!

அந்தக் காவலன் என்ன கேட்டான்? பிறந்த நாள் கேட்டான், அஃது ஊரறிந்தது. அஞ்சற் குறியீட்டெண் கேட்டான். அவர் வாழ்ந்த வசில்லா சிற்றூர். அதற்குரிய எண்களோ மிகச் சில. கணவரை முதலிற் கண்ட இடம் எது என்று கேட்டான். இருவரும் பள்ளிக் காலத்திலேயே பழகியவர்கள் என்பது செய்தித்தாள் படித்தவர்க்கெல்லாம் தெரியும். வசில்லா உயர்நிலைப் பள்ளி என்று எழுதினான், கதவு திறந்தது. உடனே மக்காச்சோளப் பொரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் புதிய கடவுச்சொல்லாக வைத்துப் பலரும் கூடும் இணையப் பக்கத்தில் அதை அறிவித்தான். மடல்களும் குடும்பப் படங்களும் உலகெங்கும் பரவின. 2010-ஆம் ஆண்டு அவனுக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை விதிக்கப்பட்டது. சிறை விதித்ததால் பரவிய மடல்கள் திரும்பி வந்தனவா? வரவில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றே. பிறர் அறியக்கூடியது மறைபொருள் ஆகாது. தாயின் பிறந்த வீட்டுப் பெயர், படித்த பள்ளி, முதற்குழந்தையின் பெயர் ஆகியவற்றை ஊரில் எத்தனை பேர் அறிவர்! பகைவன் அறியாவிட்டாலும் பக்கத்து வீட்டார் அறிவர், உறவினர் அறிவர், திருமண அழைப்பிதழ் அறியும். இத்தகைய வினாக்களைக் கேட்கும் தளம் இன்றும் இருப்பின், உண்மை விடை எழுத வேண்டா. பொருந்தா விடை ஒன்றை எழுதி, அதனைக் குறித்து வைத்துக்கொள்க. தளம் உண்மையை ஆராய்வதில்லை. முன்பு எழுதியதே மீண்டும் வருகிறதா என்று மட்டும் ஒப்பிடுகிறது.

இனிக் கடவுச்சொல்லுக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டு டிசம்பரில் இராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் களவு போயின. அந்நிறுவனம் அவற்றை மறைத்தெழுதாமல், படித்தவுடன் விளங்குமாறு வைத்திருந்தது. அவற்றை ஆராய்ந்தபோது 2,90,000-க்கு மேற்பட்டோர் 123456 என்பதையே வைத்திருந்தமை தெரிந்தது. இத்தனை பேரும் கூடிப் பேசியா அதைத் தேர்ந்தனர்? இல்லை. மாந்த மனம் எளிய தடத்திலேயே ஓடும்; கள்வன் அத்தடத்தில் முன்கூட்டியே போய் நிற்கிறான். பிள்ளை பெயரும் பிறந்த ஆண்டும் சேர்த்தெழுதுவதும் அத்தடமே. எல்லார்க்கும் தெரிந்த பாட்டடியை ஆங்கில எழுத்தில் எழுதுவதும் அத்தடமே.

பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று கலந்து எழுதினால் போதாதா என்று கேட்போர் உளர். அமெரிக்க அரசின் அளவை நிறுவனம் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவுரையே அவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. அதனை எழுதியவர் பில் பர். மக்கள் என்ன செய்தனர்? சொல்லின் தலையிற் பெரிய எழுத்தையும் வாலில் 1 என்னும் எண்ணையும் ஒட்டினர். மாற்றச் சொன்னபோது 1-ஐ 2 ஆக்கினர். 2017-இல் அந்நிறுவனம் அவ்வறிவுரையைத் திருத்தியது. தாம் எழுதியதற்காகப் பில் பர் அவர்களும் அவ்வாண்டு வெளிப்படையாக வருந்தினார்.

அவ்வாறாயின் வலிமை எதில் உள்ளது? நீளத்தில் உள்ளது, முன்னறிய முடியாமையில் உள்ளது. கணக்கே சொல்லட்டும். ஆங்கிலச் சிற்றெழுத்து 26-ஐக் கொண்டு 8 எழுத்தில் அமையக்கூடிய கோவைகள் ஏறத்தாழ 20,883 கோடி. பெருந்தொகை என மலைக்க வேண்டா. வலுவற்ற முறையில் மறைக்கப்பட்ட பட்டியல் கள்வன் கையிற் சிக்கினால், நொடிக்கு 1,000 கோடிக்கு மேல் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறிகள் இன்று உள்ளன. அரை மணித்துளியில் அத்தனையும் முடிந்துவிடும். எழுத்து 16 ஆனால் என்ன ஆகும்? தொகை இரு மடங்காகும் என்று நினைப்பது பிழை. 20,883 கோடியை 20,883 கோடியாற் பெருக்க வேண்டும்! அதே பொறி ஒரு நூறாயிரம் ஆண்டுக்கு மேல் உழைக்க வேண்டும்.

பதினாறு எழுத்தைக் கண்டபடி எழுதினால் நினைவில் நிற்குமா? நில்லாது. அதற்கும் வழி உண்டு. 1995-ஆம் ஆண்டு ஆர்னால்டு இரைன்கோல்டு என்பவர் தாயக்கட்டை முறை ஒன்றைக் காட்டினார். ஆறு முகக் கட்டையை ஐந்து முறை உருட்டினால் 7,776 வகை விழும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் அவ்வெண்ணுக்குரிய சொல்லை எடுக்க வேண்டும். இப்படி ஆறு சொற்களை எடுத்துக் கோத்தால், அவற்றின் வகைத்தொகை மேற்சொன்ன 16 எழுத்தின் தொகையையும் விஞ்சும். தொடர்பில்லா ஆறு சொற்களை ஒரு வேடிக்கைக் காட்சியாக்கி மனத்திற் பதிக்கலாம். ஆனால் ஒன்று: சொற்களைக் கட்டைதான் தேர வேண்டும், மனம் தேர்ந்தால் மீண்டும் பழைய தடத்துக்கே போகும்.

அடுத்த கடமை, ஒரு கதவுக்கு ஒரு சாவி. 2013-ஆம் ஆண்டு யாகூ நிறுவனத்தின் 300 கோடிக் கணக்குகளும் களவுக்கு உள்ளாயின. முழு அளவு 2017-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. ஓரிடத்திற் சிக்கிய சொல்லை நூறு இடத்திற் போட்டுப் பார்ப்பது கள்வர் வழக்கம். சொற்கள் பலவற்றை நினைவிற் கொள்ள இயலாதோர் கடவுச்சொல் காக்கும் நிரலைக் கையாளலாம். அதுவும் இயலாத முதியோர் ஏட்டில் எழுதிப் பெட்டியிற் பூட்டலாம். கடல் கடந்த கள்வன் வீட்டுப் பெட்டியைத் திறக்க மாட்டான். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைப்பதினும் எழுதி வைத்தல் நன்று.

கடவுச்சொல்லுடன் கைப்பேசிவழி இரண்டாம் சான்றும் கேட்குமாறு அமைத்துவிடுக. வங்கி போலவும் அரசு போலவும் வேடமிட்டு வரும் மடலின் இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியைத் தாமே எழுதிச் செல்க. ஒருமுறைக் கடவெண்ணை எவர் கேட்டாலும் சொல்லற்க.

இத்தனைக்குப் பின்னும் கணக்கு பறிபோனால் செய்வது என்ன? முதலாவது, ஐயமற்ற வேறு கணினியிலிருந்து, மின்னஞ்சல் நிறுவனத்தின் மீட்புப் பக்கத்துக்குச் செல்க. மீட்டுத் தருவதாகக் கூலி கேட்போரை நம்பற்க. இரண்டாவது, உள்ளே நுழைந்தவுடன் கடவுச்சொல்லை மாற்றிப் பிற கருவிகள் அனைத்தையும் வெளியேற்றுக. மூன்றாவது, மீட்புக்குரிய கைப்பேசி எண்ணும் மாற்று முகவரியும் நும்முடையனவா என்று காண்க. நான்காவது, பலரும் மறப்பது: வரும் மடல்களைக் கமுக்கமாக வேறு முகவரிக்குத் திருப்பும் ஏற்பாட்டைக் கள்வன் விட்டுச் சென்றிருக்கக் கூடும். முன்வாயிலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைக்கலாமா? அமைப்புகளைத் துருவி அதை நீக்குக. ஐந்தாவது, அதே சொல் வைத்த பிற கணக்குகளையும், வங்கிக் கணக்கையும் மாற்றுக. ஆறாவது, நண்பர்க்கும் உறவினர்க்கும் தொலைபேசியில் உண்மையைச் சொல்க. பணம் போயிருந்தால் காலந்தாழ்த்தாமல் வங்கிக்கும், 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவிக்க. பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகக் கையாளுதல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

இவ்வாறனுள் கடினமானது ஆறாவதே. படித்தவர்க்கு இப்படி நேரலாமா என்று நாணிப் பலர் வாய்மூடி இருந்துவிடுகின்றனர். அவர் வாய்மூடும் நேரமே கள்வன் வாய்திறக்கும் நேரம். திருட்டுக்கு உள்ளானவர்க்கு இழுக்கில்லை; அறிந்தும் சுற்றத்தாரை எச்சரிக்காமையே இழுக்கு.

தாய்மார்களே! இளைஞர்களே! இன்றிரவே வீட்டு முதியோர் அருகில் அமருங்கள். கேலி செய்யாமல், அவர்தம் கணக்குக்கு நீண்ட புதுச்சொல் ஒன்றை அவர் கையாலேயே அமைக்கச் செய்யுங்கள். அச்சொல்லை நீங்களும் கேட்க வேண்டா. அவர் பெயர் அவர் கையிலேயே இருக்கட்டும்!