எழுதத் தெரியாத கவிஞர்
(பகிணாபாய் நினைவு நாளான டிசம்பர் 3 அன்று நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மராட்டியக் கவிஞருக்குத் தமிழர் சங்கம் ஏன் கூட்டம் போடுகிறது என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

பகிணாபாய் சௌத்ரி 1880 ஆகஸ்ட் 24 அன்று ஜள்காவ் பக்கத்தில் அசோதே கிராமத்தில் குடியானவர் வீட்டில் பிறந்தார். 13 வயதில் கல்யாணம். 30 வயதில் விதவை. எழுதவோ படிக்கவோ தெரியாது. காட்டு வேலையிலும், வீட்டில் திருகை சுற்றும்போதும் பாட்டுக் கட்டினார். விதைப்பு, அறுவடை, அலைபாயும் மனசு, தூக்கணாங்குருவிக் கூடு, குடும்பப்பாடு எல்லாம் பாட்டாயிற்று. புத்தக மராட்டி அல்ல அது. கான்தேசுக் கிராமத்துப் பேச்சு.

அவர் பாடப் பாட, மகன் சோபான்தேவ் நோட்டில் எழுதி வைத்தார். 1951 டிசம்பர் 3 அன்று அந்தத் தாய் மறைந்தார். அதன் பிறகுதான் நோட்டு ஆச்சார்ய அத்ரேயின் கைக்குப் போனது. படித்தவர் பூரித்துப் போனார். அவர் முன்னுரையோடு 1952இல் புத்தகம் வந்தது. பாடியவர் அதைப் பார்க்கவில்லை. இன்று அந்தப் பாட்டுகள் நம் பிள்ளைகளின் மராட்டிப் பாடப்புத்தகம் வரை வந்திருக்கின்றன. 2018 முதல் ஜள்காவ் பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர். பள்ளிக்கூடம் மிதிக்காதவர் பெயரில் பட்டம் வாங்குகிறார்கள், தோழர்களே!

இனி என் கதை. என் தாயார் நெல்லைச் சீமையில் நடவு நட்டவர். பிழைக்க இங்கே வந்த பிறகும், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவரின் பாட்டையெல்லாம் அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார். நானோ மெட்ரிக் படித்த மிதப்பில், பட்டிக்காட்டுப் பாட்டு என்று சிரித்தேன். பார்சல் ஆபீசில் எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று ஒன்று விடாமல் பதிகிற இந்தக் கை, அம்மாவின் பாட்டில் ஒரு வரி எழுதவில்லை. அம்மா போய்விட்டார். பாட்டும் போய்விட்டது. அந்த மகன் எழுதினார். இந்த மகன் எழுதவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

பாடுபடுகிறவர் சொல்லை யார் எழுதி வைத்தார்கள்? நம் பேச்சைக் கொச்சை என்றார்கள். நாமும் நம்பி வெட்கப்பட்டோம். அத்தகைய கிராமத்துப் பேச்சைத்தான் இந்த மண் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. பிழைக்க வந்த இடத்தின் கவிஞரை மதிப்பது நம் கடமை. அவரிடம் பாடம் கற்பது அதைவிடப் பெரிய கடமை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். தாயார், பாட்டி, அத்தை பாடுகிற தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் எழுதுங்கள். பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராவிட்டால் மராட்டி எழுத்தில் எழுதட்டும். நாங்கள் மாற்றிக் கொள்கிறோம். ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள். பாடியவர் பெயரை மேலே போடுங்கள்.

படத்துக்கு மாலை போட்டாயிற்று. அடுத்த மாதம் நோட்டோடு வாருங்கள்.