நாம் ஏன் புன்னகைக்கிறோம்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1985ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தர வகுப்பினர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பழைய படங்களைத் தெரிவு செய்யும் பொறுப்பை எமது வகுப்பினரிடம் ஒப்படைத்தார்கள். ஆரம்ப காலக் குழுப் படங்களைப் பார்த்தபோது ஒன்று எம் கண்ணில் பட்டது. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. புகைப்படக்கலை தொடங்கிய காலத்தில் ஒரு படத்துக்காக நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்ததாம். எமது சங்கம் தோன்றிய காலத்தில் அந்தச் சிரமம் நீங்கிவிட்டது; வழக்கம் மட்டும் நீங்கவில்லை. அதற்கு மேல், “பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு” என்ற பழமொழி வேறு. எங்கள் காலத்திலும் கமராவுக்கு முன் நின்றால், “பல்லைக் காட்டாதேங்கோ பிள்ளையள்” என்ற குரல் பின்னாலிருந்து வரும்.

தடுத்தும் நிற்காத இந்தப் புன்னகை எங்கிருந்து வருகிறது? பிறந்த குழந்தை நித்திரையில் சிரிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 6 முதல் 8 வாரமளவில் அது தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது. பிறவியிலேயே பார்வையற்ற குழந்தையும் தாயின் குரல் கேட்டுப் புன்னகைக்கிறது. எனவே இது பார்த்துப் பழகிய வித்தையன்று, பிறப்போடு வந்தது.

மகிழ்ச்சி வந்தால் சிரிப்பு வரும் என்பதோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. 1979இல் அமெரிக்காவில் க்ரவுட், ஜோன்ஸ்ரன் என்ற இரு ஆய்வாளர்கள் பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டுக்காரர்களைக் கவனித்தார்கள். கட்டைகள் நன்றாக விழுந்தபோதும், அவற்றைப் பார்த்து நின்றவர்கள் பெரும்பாலும் சிரிக்கவில்லை. நண்பர்களின் பக்கம் திரும்பியபோதுதான் சிரித்தார்கள். எங்கள் வலைப்பந்து அணியை நினைத்துப் பார்த்தோம். பந்து வளையத்துக்குள் விழுந்ததும் நாங்கள் வளையத்தைப் பார்த்தா சிரித்தோம்? ஒருத்தியை ஒருத்தி பார்த்தல்லவா சிரித்தோம்! புன்னகை ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் செய்தி.

அந்தச் செய்தி எப்போதும் மகிழ்ச்சிச் செய்தியாக இருப்பதில்லை. சில குரங்கு இனங்களில், எளிய குரங்கு வலிய குரங்கின் முன் சத்தமின்றிப் பல்லைக் காட்டும். “உன்னோடு சண்டைக்கு வரவில்லை, என்னை விட்டுவிடு” என்பதே அதன் பொருள். நமது புன்னகையின் வேர் அங்கே இருக்கலாம் என்று நெதர்லாந்து விலங்கியலாளர் யான் வான் ஹோஃப் 1972இல் எழுதினார்.

அதற்கும் முன்னர், 1862இல், டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் படம் எடுத்தார். வாயின் ஓரங்களை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளத்தில் மகிழ்ச்சி இருந்தால்தான் அசையும் என்றார். கண் தசையையும் சிலரால் வேண்டுமென்றே அசைக்க முடியும் எனப் பின்வந்தோர் கண்டார்கள். என்றாலும், வாய் சிரித்துக் கண் சிரிக்காத முகத்தை அடையாளம் காண எங்கள் அம்மம்மாமாருக்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

எமது 1985ஆம் ஆண்டுப் படத்தில் அப்படி ஒரு முகம் இருக்கிறது. விடுதியில் எங்களோடு இருந்தவள். எப்போதும் சிரித்த முகம். பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் யாரும் வருவதில்லை. “அப்பா கொழும்பிலை நிக்கிறார், வேலை கூட” என்று சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் எங்களுக்கு வந்த பயத்தம் பணியாரத்தில் இரண்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவோம். சோதனைக்கு முன்பே அவள் பாடசாலையை விட்டுப் போனாள். ஏன் என்றுகூட நாங்கள் விசாரிக்கவில்லை. அவளுடைய தகப்பனார் 1983 ஆடிக்குப் பிறகு வீடு திரும்பவே இல்லை என்பதை, நாங்கள் பிள்ளைகளைக் கரைசேர்த்த பின்னர்தான் அறிந்தோம்.

“ஏன்டி எங்களிட்டைச் சொல்லேல்லை?” என்று கேட்டோம். “கேட்டிருந்தா அழுதிருப்பன். கேக்கக் கூடாதெண்டுதான் சிரிச்சனான்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எண்டாலும் ஆராவது கேக்கமாட்டினமோ எண்டும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்” என்றாள்.

அவள் இன்று இந்த மண்டபத்தில் எங்களோடு இருக்கிறாள். அவளுடைய சம்மதத்துடனேயே இதைச் சொல்கிறோம்.

கலிபோர்னியாவில் மில்ஸ் என்ற மகளிர் கல்லூரியின் 1958, 1960ஆம் ஆண்டு மலர்களில் வந்த மாணவிகளின் படங்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கண்ணும் சேர்ந்து சிரித்த மாணவிகள், பல ஆண்டுகளின் பின்னரும் பொதுவாகக் கூடிய மனநிறைவோடு வாழ்ந்ததாக 2001இல் எழுதினார்கள். எங்களுக்கு அதைப் படித்தபோது மகிழ்ச்சியை விட யோசனையே வந்தது. கண் சிரிக்காத பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிப்பதற்காகவா நாம் படத்தைப் பார்க்க வேண்டும்? அவளுக்குப் பக்கத்தில் போய் இருப்பதற்காக அல்லவா பார்க்க வேண்டும்?

அன்புத் தங்கைகளே, மனம் விட்டுச் சிரியுங்கள். பல் தெரிந்தால் தெரியட்டும். சிரிக்க முடியாத தோழியைச் “சிரி, சிரி” என்று வற்புறுத்தாதீர்கள். “ஒண்டுமில்லை” என்று சொல்லிச் சிரிப்பவளை இன்னும் ஒரு தடவை கேளுங்கள். ஆசிரியைகளே, இடாப்புக் கூப்பிடும்போது வரவு போடுவதோடு நிறுத்தாமல் அந்த முகத்தையும் ஒரு கணம் பாருங்கள். நாங்கள் செய்யத் தவறியதைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

விழா முடிந்ததும் முன்றலில் குழுப் படம் எடுக்க இருக்கிறார்கள். எமது வகுப்பினர் 1985இல் நின்ற அதே ஒழுங்கில் நிற்கப் போகிறோம். வரமுடியாது போனவர்களின் இடங்களை வெறுமையாக விடுவோம். எங்களில் சிலர் சிரிப்போம். சிலர் அழவும் கூடும். இந்த முறை இரண்டுக்கும் தடையில்லை.