போதகர் வீட்டுத் துப்பாக்கி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தற்காப்புக்காக ஒருவன் துப்பாக்கி வைத்திருக்கலாமா, அரசாங்கம் அதைத் தடுக்கலாமா என்னும் விடயத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். இவ்வழக்கு மிகவும் காரசாரமாக நடக்கும் நாடு ஐக்கிய அமெரிக்கா. ஆகவே அங்கேயே செல்வோம். 1791ஆம் ஆண்டில் அந்நாட்டின் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறுகின்றது. அவ்வுரிமை ஊர்ப்படையைச் சேர்ந்ததா, தனி மனிதனுடையதா என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். தனி மனிதனுடையதே என்று 2008ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. நீதியரசர்களில் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். சட்ட நுணுக்கங்களை அப்புக்காத்துமாருக்கு விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ஒரு வீட்டின் கதை.

அலபாமா மாநிலத்து மொன்ட்கொமெரி நகரில், 1955 டிசம்பரில், கறுப்பின மக்கள் பஸ் வண்டிகளைப் பகிஷ்கரிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மார்ட்டின் லூதர் கிங் என்னும் இளம் போதகர். 1956 ஜனவரி 30ஆம் நாள் இரவு, அவர் கூட்டமொன்றிற்குப் போயிருந்த வேளையில், அவர் வீட்டு விறாந்தையிலே வெடிகுண்டு விழுந்தது. உள்ளே மனைவியும் சில வாரக் குழந்தையும் இருந்தார்கள். தெய்வாதீனமாக இருவரும் தப்பினர். அயலார் கொதித்தெழுந்து கூடினார்கள். சிலர் கையில் ஆயுதமும் இருந்தது. உடைந்த விறாந்தையில் நின்றுகொண்டே கிங் அவர்களைச் சாந்தப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார்.

இவ்வளவும் பலர் அறிந்த கதை. நான் கற்ற மிஷன் பாடசாலையிலும் சொல்லித் தந்தார்கள். சொல்லித் தராதது ஒன்று உண்டு. அதே போதகர், காரில் துப்பாக்கி கொண்டு செல்ல அனுமதிப்பத்திரம் கேட்டு விண்ணப்பித்தார். அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். குண்டு விழுந்த வீட்டுக்காரனுக்குத் துப்பாக்கிக்குத் தகுந்த காரணம் இல்லையென்றால், வேறு யாருக்கு உண்டு? அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் மனம்போல என்றிருந்தபடியால், சட்டம் தோலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டது.

துப்பாக்கி உரிமைக்காரர் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். இந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. 1964ஆம் ஆண்டில் லூசியானா மாநிலத்து ஜோன்ஸ்பரோவில், கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரின் கார்கள் வரிசையாகக் கறுப்பினத்தார் வாழும் பகுதிக்குள் புகுந்தபோது, அவற்றுக்கு முன்னே வழிகாட்டிச் சென்றது பொலிஸ் வண்டி! பொலிஸே கள்வனுக்கு விளக்குப் பிடித்தால் முறைப்பாட்டை எங்கே கொடுப்பது? அங்குள்ள ஆண்கள், அவர்களிற் பலர் யுத்தகளம் கண்டவர்கள், தற்காப்புக்கும் நீதிக்குமான டீக்கன்மார் என்று பெயரிட்டு ஒரு சங்கம் அமைத்து, துவக்கும் கையுமாகத் தெருக்களைக் காத்தார்கள். 1966ஆம் ஆண்டில் மிசிசிப்பியில் ஜேம்ஸ் மெரெடித் என்பவர் நடைப்பயணத்தின் இரண்டாம் நாளிலேயே சுடப்பட்டுக் காயமடைந்தார். அப்பயணத்தைக் கிங்கும் பிறரும் தொடர்ந்தபோது காவலுக்கு வந்தவர்களும் இந்த டீக்கன்மாரே. அஹிம்சை ஊர்வலத்திற்கு ஆயுதக் காவல்! நகைக்கத் தோன்றலாம். ஆனால் அன்று அந்த வீதியில் நடந்தவர் நகைத்திருக்க மாட்டார்.

கட்டுப்பாட்டுச் சட்டங்களும் எப்போதும் சுத்தமான கையால் எழுதப்படவில்லை. 1967ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் கருஞ்சிறுத்தைகள் என்னும் கறுப்பின வாலிபர் துப்பாக்கி ஏந்தித் தெருவில் நின்ற பின்னரே, குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளியிலே கொண்டு திரிவதை அம்மாநிலம் தடை செய்தது. ஒப்பமிட்ட ஆளுநர் றொனால்ட் ரேகன்.

கிங்கின் வீட்டுக்குத் திரும்புவோம். கணவனும் மனைவியும் பேசி ஆலோசித்து, வீட்டில் இருந்த ஒரு துப்பாக்கியையும் அகற்றிவிடத் தீர்மானித்தார்கள். துப்பாக்கி வீட்டில் இருந்த நாளிலேயே தமக்கு அச்சம் அதிகமாக இருந்தது என்று பின்னர் அவர் சொன்னார். இது அவர் தம்மேல் தாமே விதித்துக்கொண்ட விரதம், அயலான்மேல் விதித்ததன்று. வட கரோலினாவில் ஆயுதத் தற்காப்பை வற்புறுத்திய ரொபர்ட் வில்லியம்ஸ் என்பவருக்கு 1959ஆம் ஆண்டில் மறுமொழி எழுதியபோதும், தன் வீட்டைக் காப்பவனைக் காந்தியடிகளும் கண்டிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும் ஓர் இயக்கத்திற்கு அந்த வழி ஆகாது என்று வாதிட்டார்.

1927ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று நம் ஊருக்கும் வந்த காந்தியடிகளை, இன்று அமெரிக்காவில் இரு தரப்பாரும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். இந்தியரின் ஆயுதங்களைப் பறித்த ஆங்கிலேயச் சட்டத்தை அவர் வன்மையாகக் கண்டித்தது மெய். ஆனால் அது 1918ஆம் ஆண்டில், கேடா மாவட்டத்தில் ஆங்கிலேயர் படைக்கு ஆள் திரட்டியபோது எழுதிய துண்டுப்பிரசுரத்திற் காணப்படுவது. அதை மறைத்து வாக்கியத்தை மட்டும் தூக்கிப் பிடிப்பது நேர்மையாகாது.

வீட்டுத் துப்பாக்கி யாரைச் சுடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர் 48,830 பேர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கள்வனுக்கென்று பெட்டகத்தில் வைத்தது, மனமுடைந்த மகனின் கைக்கு எட்டிவிடுகிறது. அவுஸ்திரேலியாவில் 1996ஆம் ஆண்டில் போர்ட் ஆதரில் ஒருவன் 35 பேரைக் கொன்ற பின், அரசாங்கம் ஏறக்குறைய 6,50,000 துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. அங்கே தற்காப்பை ஒரு காரணமாகச் சொல்லி அனுமதிப்பத்திரம் பெற முடியாது. அம்மக்கள் பெரும்பாலும் இணங்கினார்கள். கூப்பிட்டால் பொலிஸ் வரும் என்று நம்பக்கூடியவர்கள் அவர்கள். ஜோன்ஸ்பரோவில் அந்த நம்பிக்கைக்கு இடமேது?

ஆகவே என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாடு வேண்டும் என்பவன் நான். ஆனால் துப்பாக்கியைக் கொடு என்று கை நீட்டும் அரசாங்கம், அந்தக் கை நீளுமுன் அவன் வாசலில் காவல் நிற்கக் கடமைப்பட்டது. அனுமதிக்கு விதி வேண்டும். அவ்விதி ஓர் அதிகாரியின் விருப்பு வெறுப்பாக இருத்தல் ஆகாது.

கிங்கை 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிஸ் நகரில் ஒரு ரைபிள் குண்டு கொன்றது. இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்திருந்தாலும், தூரத்திலிருந்து மறைந்து சுட்டவனை அது தடுத்திராது. அவருடைய தாயார் 1974ஆம் ஆண்டில் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்துக்கொண்டிருக்கையில் சுடப்பட்டு இறந்தார். கிங்குக்கு அனுமதிப்பத்திரம் மறுத்த அதே அலபாமாவில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக்கூடியவர் அதை மறைத்துக் கொண்டு திரிய, 2023 ஜனவரி முதல் எந்த அனுமதிப்பத்திரமும் தேவையில்லை.

மாறுபட்ட கருத்துடைய பெரியோர் சபையில் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். அவர்களுடைய கேள்விகளுக்குக் காத்திருக்கிறேன்.