நீர்மூழ்கியின் கண்கள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்து வாலிபர் சங்க மேடையில் போர்க்கப்பலைப் பற்றிய பேச்சா எனப் பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நாம் போரைப் புகழ வரவில்லை. ஏறத்தாழ ஐம்பது பேருடைய உயிர் நால்வருடைய கண்களை நம்பியிருந்த கதையைச் சொல்லவே வந்தோம்.

நீர்மூழ்கி எந்நேரமும் நீருக்குள்ளேயே கிடக்கும் என்று எண்ணுகிறோம். இரண்டாம் உலகப் போரில் அவ்வாறில்லை. ஜேர்மானியரின் ஏழாம் வகை நீர்மூழ்கி, டீசல் இயந்திரங்களால் மேற்பரப்பில் மணிக்கு 17 கடல்மைல் ஓடியது. நீருக்குள்ளோ மின்கலங்களின் வலுவால் ஏழு கடல்மைலுக்குச் சற்றே மேல். அதுவும் சொற்ப நேரத்துக்குத்தான். ஆகவே பெரும்பொழுது மேலேதான் கழிந்தது.

மேலே நிற்குங்கால் காவல் வேண்டுமே! மேடையில் அதிகாரி உட்பட நால்வர், நான்கு மணி நேரம் நிற்பர். கடல்வட்டத்தை நான்காகப் பகுத்து ஆளுக்கொரு கூறு. ஏழு மடங்கு பெருக்கும் தூரதிருட்டிக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடாமல் தன் கூற்றையே பார்க்கவேண்டும். அடுத்தவன் கூற்றில் கப்பல் தோன்றினாலும் அந்தப் பக்கம் திரும்பலாகாது. நம்மில் எத்தனை பேரால் இயலும்? விமானம் தென்பட்டால் ஒரே கூவல். நால்வரும் ஏணிவழியே சறுக்கி இறங்க, மூடி அடைபட, அரை நிமிடமளவில் கப்பல் மறையவேண்டும்.

புயலில் வார்ப்பட்டியால் தம்மை மேடையோடு பிணைத்துக்கொள்வார்கள். எனினும் 1941 அக்டோபரில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் யூ-106 என்ற கப்பலின் காவலர் நால்வரையும் அலை வாரிச் சென்றது. காவல் மாற்ற மேலே ஏறியவர்கள் கண்டது வெறும் மேடையை. கீழே இருந்த எவருக்கும் தெரியாது.

இரவுக் காவலுக்குப் போகுமுன் அமெரிக்கர் சிவப்புக் கண்ணாடி அணிந்து கண்ணை இருளுக்குப் பழக்கினர். இருளில் விழியின் நடுப்பகுதி மந்தம். பொருளை நேரே நோக்காது சற்று ஒதுக்கி நோக்கவும் பயிற்றினர். முகிலில்லாத இரவில் கார்த்திகை மீன்களைக் கடைக்கண்ணால் பாருங்கள், கூடுதலாகத் தெரியும்.

ஆயினும் 1941 மார்ச் 17 இரவு, யூ-100 நீர்மூழ்கியைப் பிரித்தானிய 'வனொக்' கப்பல் றேடார்க் கருவியால் இருளிலே கண்டுபிடித்து, மோதி மூழ்கடித்தது. அதன் பின் கூரிய கண் மட்டும் போதாமற் போயிற்று.

இனிப் பெரிஸ்கோப்பு. அதை நீருக்கு மேல் உயர்த்துவது சில விநாடிகளே. வேகமாக ஓடினால் குழாயின் பின்னே வெண்ணுரை கிளம்பிக் காட்டிக்கொடுக்கும். முதலில் ஒன்றரை மடங்குப் பெருக்கத்தில் ஒரு முழுச் சுற்று, அருகே ஆபத்துண்டோ என அறிய. பின்னரே ஆறு மடங்கில் இலக்கை நோக்குவர். ஒன்றரை மடங்கு ஏனென்றால், நெடுங்குழாய்க்குள் பார்க்கும்போது அதுதான் இயல்பான அளவாகத் தோன்றும்.

பெரிஸ்கோப்பு பொதுவாகக் கப்டனுக்கே உரியது. அமெரிக்க 'வாகூ' கப்பலில் மோர்ட்டன் அதை உதவித் தலைவர் ஓகேனிடம் விட்டு, தாம் ஒதுங்கி நின்று தீர்மானித்தார். 1943 ஜனவரியில் நியூகினியின் வீவாக் துறையில் யப்பானிய நாசகாரிக் கப்பலொன்று தம்மை நோக்கி நேரே பாய்ந்து வந்தபோதும் இந்த ஒழுங்கு மாறவில்லை. காண்பவனுக்குப் பதற்றம் வரும். காணாதவன் கணக்கிடலாம் என்பது அவர் கருத்துப்போலும். நமக்கு இது மிகப் பிடித்த செய்தி.

நமது திருகோணமலையும் இக்கதையில் உண்டு. அங்கிருந்து சென்ற பிரித்தானிய 'டாலி ஹோ' நீர்மூழ்கி, 1944 ஜனவரி 11இல் பினாங்குக்கு அப்பால் யப்பானியரின் 'குமா' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது.

பெரிஸ்கோப்பின் சிறு வட்டத்தில் தெரிந்தது கப்பலின் வடிவும் கொடிமரமும். அதன் அடித்தட்டில் நெருப்புக்கு முன் நின்றவர்கள் தெரியவில்லை. அத்திலாந்திக்கில் மூழ்கிய பிரித்தானிய வணிகக் கப்பல்கள் பலவற்றில் அப்படி நின்றவர்கள் இந்திய மாலுமிகள். நீர்மூழ்கிக்குள் இருந்தவர்களுக்கோ, கப்டன் வாய் திறந்து சொல்லாவிட்டால், வெடியொலி ஒன்றே செய்தி.