பதினைந்து வோட்டும் மூன்று கல்லூரிகளும்

(தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டு ஒன்றில் புது மெம்பரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நடந்த விவகாரத்தைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவனுக்கும் நடவு நட்டுக் கரையேறி வந்தவளுக்கும் இது எதற்கு என்று முன்வரிசையில் ஒரு தோழர் முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கூலி, பங்கு, பதிலி, நஷ்டஈடு, சங்கம் எல்லாம் இதில் வருகிறது.

அங்கே அந்தக் கூட்டுக்குக் கான்பரன்ஸ் என்று பெயர். பக்கத்துப் பக்கத்துச் சர்வகலாசாலைகள் சில சேர்ந்து தங்களுக்குள் வருஷா வருஷம் பந்தயம் ஆட ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு. நம் ஊரும் அடுத்த ஊரும் சடுகுடு ஆடுவதுபோலத்தான். ரயிலேறிப் போய் ஆடிவிட்டு மறுநாள் வகுப்புக்குத் திரும்பிவிடலாம். பசிபிக் சமுத்திரக் கரையில் 1915ல் நான்கு கல்லூரிகள் இப்படிக் கூடின. அதுதான் வளர்ந்து, பிரிந்து, மறுபடி கூடி, 2011ல் பன்னிரண்டு சர்வகலாசாலைகள் கொண்ட 'பசிபிக் பன்னிரண்டு' ஆயிற்று. அந்தப் பக்கம் அட்லாண்டிக் கரையிலும் 1953ல் ஒரு கூட்டு ஏற்பட்டது. ஒன்று மேற்குக் கரை, மற்றொன்று கிழக்குக் கரை. நடுவே ஒரு கண்டமே கிடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கால்பந்து என்றால் காலால் உதைக்கும் நம் பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையில் கவசம் மாட்டிக்கொண்டு, ஒருவன் மேல் ஒருவன் பாய்ந்து விழும் ஆட்டம். எலும்பு முறியும், மண்டை கலங்கும். இதைப் பார்க்கச் சனிக்கிழமை தோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் ஸ்டேடியங்களில் கூடுகிறார்கள். கோடிக்கணக்கானவர்கள் டெலிவிஷன் முன்னால் உட்காருகிறார்கள். ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை தேசியச் சங்கத்தின் கையில்தான் வெகுகாலம் இருந்தது. அது செல்லாது என்று 1984ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு கான்பரன்சுகள் தாங்களே கடை விரித்தன. 2022 ஆகஸ்டில் 'பிக் டென்' என்ற கான்பரன்ஸ் மூன்று டெலிவிஷன் கம்பெனிகளுடன் செய்துகொண்ட ஏழு வருஷ ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. ரூபாய் அல்ல தோழர்களே, டாலர்!

சந்தை பெரிதானால் என்ன நடக்கும் என்று மில் தொழிலாளிக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெரிய மில் சின்ன மில்லை விழுங்கும். 2022 ஜூன் 30ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரண்டு சர்வகலாசாலைகள் பசிபிக் கூட்டை விட்டு பிக் டென்னில் சேரப் போவதாக அறிவித்தன. 2023 ஜூலையில் கொலராடோ போயிற்று. ஆகஸ்ட் 4ந் தேதி ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் கிளம்பின. ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா மாநிலத்தின் இரண்டும் யூட்டாவும் வேறொரு கான்பரன்சுக்கு. நூறு வருஷத்துக் கூட்டில் எஞ்சியவை நான்கு. ஸ்டான்போர்டு, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை, ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். யாருடைய வீடு இடிந்தது பார்த்தீர்களா? ஸ்டான்போர்டும் பெர்க்லியும் உலகமெங்கும் பேர் பெற்ற கலாசாலைகள். ஆனாலும் டெலிவிஷன் கம்பெனியின் தராசில் நோபல் பரிசுக்கு எடை கிடையாது.

நிற்க இடமில்லாமல் ஸ்டான்போர்டும் பெர்க்லியும் போய்த் தட்டிய கதவு எது? அட்லாண்டிக் கரைக் கான்பரன்ஸ்! பசிபிக் தண்ணீரில் கால் நனைப்பவன் அட்லாண்டிக் கரைக்காரன் என்று மனுப் போடுகிறான். டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் சர்வகலாசாலையும் கூடவே வந்து நின்றது.

அந்தக் கான்பரன்சில் அன்றைக்கு வோட்டுகள் 15. புது மெம்பர் வர 12 வேண்டும். ஆகஸ்டில் நான்கு சர்வகலாசாலைகள் முரண்டு பிடித்தன: கிளெம்சன், பிளாரிடா ஸ்டேட், வட கரோலினா, வட கரோலினா ஸ்டேட். மூன்று வாரம் இழுபறி. செப்டம்பர் 1ந் தேதி வட கரோலினா ஸ்டேட் பக்கம் மாறியது. 12 வோட்டு சேர்ந்தது, கதவு திறந்தது.

ஏன் திறந்தது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. புது மெம்பர் வந்தால் அதற்கும் டெலிவிஷன் கம்பெனி பங்கு கொடுக்க வேண்டும் என்று பழைய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. ஆனால் அந்தப் பங்கு வந்தவன் கைக்கு முழுசாகப் போகவில்லை. ஸ்டான்போர்டுக்கும் பெர்க்லிக்கும் ஏழு வருஷத்துக்கு 30 சதவீதம்தான். எட்டாம் வருஷம் 70, ஒன்பதாம் வருஷம் 75, பத்தாம் வருஷம்தான் முழுப் பங்கு. சதர்ன் மெதடிஸ்டோ ஒன்பது வருஷத்துக்கு டெலிவிஷன் பணத்தில் பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது! மிச்சப் பணம் பழைய மெம்பர்களிடையே பகிரப்படும். பதிலியாக வருஷக் கணக்கில் காத்து நின்ற தோழர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். அதே தறி, அதே நூல், குறைந்த கூலி. அந்தக் கணக்குத்தான் இது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பதிலித் தொழிலாளிக்கு வீட்டில் அரிசிப் பானை காலி. சதர்ன் மெதடிஸ்டின் பின்னால் நிற்பவர்களோ டல்லாஸ் பணக்காரர்கள். இடம் கிடைத்த சில தினங்களில் அவர்கள் 10 கோடி டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். இதே சர்வகலாசாலையின் கால்பந்து அணியைத்தான் 1987ல் தேசியச் சங்கம் ஒரு வருஷம் ஆடவே கூடாது என்று தண்டித்தது. குற்றம் என்ன? ஆடும் பையன்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது. அந்தப் பணம் தொடர்ந்தது தமக்குத் தெரியும் என்று, முன்பு அதன் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்த டெக்சாஸ் கவர்னர் பில் கிளெமென்ட்சே அந்த வருஷம் ஒப்புக்கொண்டார். ஆடுகிறவனுக்குப் பணம் கொடுத்தால் மரண தண்டனை. ஆட இடம் வாங்கப் பணத்தை விட்டுக் கொடுத்தால் மாலை மரியாதை. 2024ல் அந்த அணி கான்பரன்ஸ் ஆட்டங்கள் எட்டிலும் ஜெயித்து இறுதிப் பந்தயம்வரை வந்தது. டெலிவிஷன் பங்கு இல்லாதவன் சம்பாதித்துக் கொடுத்ததை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, வோட்டுப் போட்டவர்கள் யார்? சர்வகலாசாலைத் தலைவர்கள். விளையாடும் பையன்களையும் பெண்களையும் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. கால்பந்து அணி வாரம் ஒரு முறை ஆடுவது. சீசனில் சில தடவை பறந்தால் தீர்ந்தது. கைப்பந்து ஆடும் பெண், வளைகோல் பந்து ஆடும் பெண் கதை அப்படியா? ஸ்டான்போர்டிலிருந்து பாஸ்டனுக்கு 2,500 மைலுக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போவதைவிடத் தொலைவு. இரண்டு ஊருக்கும் மணி மூன்று மணி நேரம் வித்தியாசம். ராத்திரி ஆட்டம், விடியற்காலை விமானம், காலை வகுப்பு, பரீட்சை. கூட்டை உடைத்தது கால்பந்துப் பணம். அலைச்சல் அந்தப் பெண்கள் தலையில். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் ஆட்டத்தை டெலிவிஷன்காரர் பெரிதாக விலைக்குக் கேட்பதில்லை.

இவர்கள் தொழிலாளிகளா, மாணவர்களா? இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. 1955ல் கொலராடோ மாநிலத்தில் ஒரு சிறு கல்லூரிக்காகக் கால்பந்து ஆடிய ஒருவர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். மில்லில் பெல்டு அறுந்து கை போனால் நாம் கேட்கிறோமே, அதே நஷ்டஈடுதான். கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை, அவர் அதன் வேலையாள் அல்ல என்று 1957ல் மாநில சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. அந்தக் காலத்தில்தான் தேசியச் சங்கம் 'மாணவ வீரர்' என்ற சொல்லை உருவாக்கிப் புழக்கத்தில் விட்டது. நஷ்டஈட்டு வழக்குகளுக்குப் பயந்து செய்த வேலை என்பதை அதன் தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ் பின்னாளில் தாமே புத்தகமாக எழுதினார். சொல்லை மாற்றினால் சட்டம் தொடாது! பண்ணையாளுக்குப் 'பிள்ளை மாதிரி' என்று பேர் வைத்துக் கூலியைக் குறைத்த மிராசுதாரை நம் விவசாயத் தோழர்கள் பார்க்காதவர்களா?

ஆனாலும் சும்மா இருந்துவிடவில்லை அவர்கள். 2014ல் நார்த்வெஸ்டர்ன் கால்பந்து அணி, நாங்கள் தொழிலாளிகளே என்று மனுச் செய்தது. வட்டார அதிகாரி ஆம் என்றார். மறு வருஷம் தேசியத் தொழிலுறவு போர்டு இதில் தலையிட மறுத்துவிட்டது. 2024 மார்ச் 5ந் தேதி டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் 15 பேரும் ஓட்டுப் போட்டார்கள். சங்கம் வேண்டும் என்று 13, வேண்டாம் என்று 2. எந்தச் சங்கத்தில் சேர ஓட்டுப் போட்டார்கள் தெரியுமா? அந்தக் கல்லூரியின் ஊழியர்கள் இருக்கும் அதே சங்கத்தில். கல்லூரிச் சாப்பாட்டு விடுதியில் வேலை செய்த மாணவர்கள் அதற்கு முன்பே சங்கம் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து இவர்களுக்குத் துணிவு வந்தது. கல்லூரி நிர்வாகம் பேச்சு வார்த்தைக்கே உட்கார மறுத்தது. வரப்போகும் புதிய போர்டு பாதகமாகத் தீர்ப்பு எழுதி மற்றவர் வழியையும் அடைத்துவிடும் என்று கருதி, அந்த வருஷக் கடைசி நாளில் சங்கம் மனுவை வாபஸ் வாங்கியது. பின்வாங்கல்தான். ஆனால் அந்த 13 வோட்டு எண்ணப்பட்ட வோட்டு.

"பணம் இப்போதாவது ஆடுகிறவன் கைக்கு வருகிறதா?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். வருகிறது. 2025 ஜூன் 6ந் தேதி பெடரல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரசத்துக்கு அனுமதி அளித்தார். பழைய பாக்கியாக ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்து வருஷத்தில் கொடுக்க வேண்டும். அதோடு, விரும்பும் சர்வகலாசாலை முதல் வருஷத்தில் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை தன் வீரர்களுக்குப் பகிரலாம். வழக்கை நடத்தியவர்கள் விளையாட்டு வீரர்கள்; எந்தத் தலைவரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. ஆனால் பாக்கிப் பணத்தில் பெரும்பகுதி ஆண்கள் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. அதை எதிர்த்து அதே ஜூன் மாதத்திலேயே எட்டுப் பெண்கள் மேல்முறையீடு செய்தார்கள்.